நடுவில் நிற்கப் போவது யார்?

ஏமஸ், அயோவா
ஆகஸ்ட் 16, 2025

அன்புள்ள செல்வா,

உன் கடிதத்தைப் படித்த கையோடு பதில் போட உட்கார்ந்தேன். வேலை குறுக்கே வந்து விழுந்துவிட்டது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. சொட்டு மருந்தை அவரையே விட்டுக்கொள்ளச் சொல்லாதே, கன்னத்தில்தான் விட்டுக்கொள்வார். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் கிண்டர்கார்டன் போகப் போகிறாள். பை, பென்சில் டப்பா எல்லாம் இப்போதே வாசல் பக்கம் வரிசையாக நிற்கின்றன. சோளம் ஆளுயரத்துக்கு மேல் போய்விட்டது, ஊரைத் தாண்டினால் ரோட்டின் இரண்டு பக்கமும் பச்சைச் சுவர்தான்.

சரி, அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியான நம் சைக்ளோன்ஸ் பற்றி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். 'எதிரே ஐந்து தடியர்கள் நிற்கிறார்கள், நம் சைக்ளோன்ஸ் மூன்று பேரை மட்டும் முன்னால் நிறுத்துகிறது, மீதிப் பேர் எங்கேயோ பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், இதெல்லாம் ஒரு டிஃபென்ஸா?' என்று கேட்டிருந்தாய். நாம் ஷில்லட்டர் வில்லேஜ் மாணவர் குடியிருப்பில் இருந்த காலத்திலேயே இதைக் கேட்டிருக்க வேண்டியவன் நீ. அப்போதெல்லாம் உனக்கு ஸ்டேடியத்துக்கு வெளியே கிடைக்கும் பார்பிக்யூ மேல்தான் கண்.

2017-இல் ஓக்லஹோமா ஆட்டம் நினைவிருக்கிறதா? அவர்கள் நாட்டிலேயே மூன்றாம் இடம், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்ட், அவர்கள் ஊரிலேயே ஆட்டம். நமக்கோ கைல் கெம்ப்ட் என்று ஸ்காலர்ஷிப்கூட இல்லாமல் வந்து சேர்ந்த பையன் முதல்முறையாகத் தொடக்கத்திலிருந்தே ஆடுகிறான். 38-31 என்று ஜெயித்தோம். எல்லோரும் கெம்ப்ட்டைப் பற்றியும், குவார்ட்டர்பேக்காக இருந்து, முன்வரிசைக்குப் பின்னால் நின்று தடுக்கும் லைன்பேக்கராக மாறி, அன்று தாக்குதல், தடுப்பு என்று இரண்டு பக்கமும் ஆடிய ஜோயல் லானிங்கைப் பற்றியும்தான் பேசினார்கள். அந்தப் பருவத்தில் நம் டிஃபென்ஸ் பயிற்சியாளர் ஜான் ஹீகாக் சத்தமில்லாமல் செய்த வேலைதான் பெரிது. நான்கு பேர் முன்வரிசையைக் கலைத்து, ஒருவரைக் குறைத்து, பின்னால் கடைசிக் காவலாக நிற்கும் சேஃப்டிகளில் மூன்றாவதாக ஒருவனைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இன்றுவரை அதுதான் நம் அடையாளம்.

முன்வரிசையை முதலில் பார். நடுவில் நோஸ் டேக்கிள், எதிரணி ஐவரில் நடுவில் நிற்கும் சென்டருக்கு நேர் எதிரே. அவனுக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு எண்ட். மற்ற அணிகளில் எண்ட் என்பவன் வரிசைக்கு வெளியே நின்று குவார்ட்டர்பேக்கைத் துரத்துவான். ஹீகாக் அவர்களை உள்ளே இழுத்து, அந்த ஐவரில் ஓரத்தில் நிற்கும் டேக்கிளின் உள்தோளுக்கு நேராக நிறுத்துகிறார். மூன்று பேரும் நெருங்கி நிற்பதால் நடுவழி அடைபட்டுவிடும். பந்தை வாங்கி ஓடுகிறவன் பக்கவாட்டில் திரும்பியாக வேண்டும். திரும்பினால் அங்கே லைன்பேக்கர்கள் மூவர். அவர்களுக்குப் பின்னால், பத்துப் பன்னிரண்டு யார்டு தள்ளி, மூன்று சேஃப்டிகள். ஓரங்களில் இரண்டு கார்னர்கள். ஆக 3-3-5.

இதில் சூட்சுமம் எல்லாம் அந்த நடு சேஃப்டியிடம் இருக்கிறது. நீ காலேஜ் கபடியில் கவர் நின்றவன், உனக்குச் சட்டென்று புரியும். பாடி வருகிறவனுக்கு இடம் இருப்பதுபோல் காட்டிவிட்டு, அவன் காலை வைத்த பிறகு மேலே விழுவாயே, அதே வேலைதான். ஸ்நாப் ஆனதும், அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்ததும், நடு சேஃப்டி பின்வாங்க மாட்டான், முன்னேயும் வர மாட்டான். குதிகாலை ஊன்றி அரை நொடி அப்படியே நிற்பான். கண் பந்தின் மேல் இருக்காது, எதிரணியில் சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்ட் மேல் இருக்கும். கார்ட் தலையைத் தாழ்த்திப் பாய்ந்தால் ஓட்டம், முதுகை நிமிர்த்திப் பின்னுக்கு நகர்ந்தால் பந்தை எறியும் பாஸ். ஓட்டம் என்று தெரிந்த மறுகணம் அங்கிருந்து ஒரே இறக்கமாக இறங்குவான். யார் யாரைத் தடுப்பது என்று எதிரணி பங்கு பிரித்தபோது, அவ்வளவு தூரத்தில் நின்றவனை யார் தலையிலும் கட்டியிருக்க மாட்டார்கள். பாஸ் என்றாலோ நடுவில் நின்றபடியே குவார்ட்டர்பேக்கின் தோளைப் பார்த்துப் பந்தை நோக்கிப் போவான்.

குவார்ட்டர்பேக்குகளுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக் கொடுப்பது, ஸ்நாப்புக்கு முன் சேஃப்டிகளை எண்ணு என்பது. ஒருவன் நின்றால் இந்த வகைக் கவரேஜ், இருவர் நின்றால் அந்த வகை. மூவர் நின்றால்? அந்தப் பாடம் அங்கேயே நின்றுபோகிறது. பந்தைக் கொடுப்பதா எறிவதா என்று ஒரு லைன்பேக்கரின் அசைவைப் பார்த்து முடிவெடுக்கும் ஆட்டமுறை நம் அணி ஆடும் பிக் 12 லீகில் அப்போது கொடிகட்டிப் பறந்தது. ஓட்டத்தை அடைக்கும் ஆள் பின்னாலிருந்து வருவதால் நம் லைன்பேக்கருக்கு அவசரம் இல்லை. அவன் அசையாமல் நின்றால், அவனைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவன் என்ன செய்வான்?

நீ டிவியில் பார்ப்பதால் உனக்கு இந்த ஆட்கள் தெரிவதே இல்லை, உன்மேல் தப்பில்லை. கேமரா பந்தைச் சுற்றித்தான் நிற்கும், ஆழத்தில் நிற்பவர்கள் சட்டத்துக்கு வெளியே போய்விடுவார்கள். மாணவர் பகுதியில் உச்சிப் படியில் உட்கார்ந்து பார்த்தோமே, குளிரில் உறைந்தாலும் அங்கிருந்துதான் இது முழுசாகத் தெரியும். இப்போது ஒரு வழி சொல்கிறேன். ஸ்நாப்புக்கு முன் திரையில் நம் ஆட்களை எண்ணிப் பார். எட்டுத் தலைதான் தெரிகிறது என்றால் மீதி மூன்றும் பின்னால் நிற்கிறது என்று அர்த்தம்.

இந்த ஏற்பாடு இல்லாதவன் வீட்டுச் சமையல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய பல்கலைக்கழகங்களுக்கு வரும் நூற்று நாற்பது கிலோ பையன்கள் வரிசையாக ஏமஸுக்கு வரப் போவதில்லை. இருப்பதை வைத்து ஒப்பேற்ற வேண்டும். அதில் சிக்கலும் உண்டு. மூன்று பேர் மட்டும் பாய்ந்தால் குவார்ட்டர்பேக்குக்கு நேரம் கிடைக்கும். வில் மெக்டொனால்ட் மாதிரி ஒருவன் இருந்தால் பரவாயில்லை. 34 சாக் போட்டு, அதாவது எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை அத்தனை முறை வீழ்த்தி, 2023-இல் தொழில்முறை அணியான ஜெட்ஸ் முதல் சுற்றுத் தேர்விலேயே எடுத்துக்கொண்ட ஆள் அவன். அவனையும் பல நேரம் உள்ளே நிறுத்தி இடித்துக்கொள்ள விட்டார்கள் என்று இங்கே இன்னும் சண்டை நடக்கும். எனக்கும் அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அப்புறம் ஓட்டத்தைத் தடுக்கும் சிக்கல். போன வருஷம் 11 ஆட்டம் ஜெயித்தோம், இந்த அணியின் சரித்திரத்திலேயே முதல்முறை. கடைசியில் பருவ முடிவில் நடக்கும் பாப்-டார்ட்ஸ் பௌல் ஆட்டத்தில் மயாமியை 42-41 என்று வீழ்த்தினோம். ஜெயித்தவர்கள் மைதானத்திலேயே பாப்-டார்ட் பலகாரச் சின்னத்தைத் தின்கிற விளையாட்டு அது, அமெரிக்கா என்றால் சும்மாவா. ஆனால் நடுவில் நடந்ததை மறந்துவிட முடியாது. ஏழுக்கு ஏழு ஜெயித்துவிட்டு, டெக்சஸ் டெக்கிடம் 23-22 என்று கடைசி நொடிகளில் விட்டோம். அடுத்த வாரம் கேன்சஸ் 45 புள்ளி போட்டது. பிக் 12 பட்டத்துக்கான ஆட்டத்தில் அரிசோனா ஸ்டேட்டின் கேம் ஸ்கேட்டபோ ஒருவனே 170 யார்டு ஓடினான், முடிவு 45-19. இதற்கெல்லாம் முறையைக் குறை சொல்பவர்கள் லைன்பேக்கர்களின் காயப் பட்டியலைப் பார்க்கவில்லை. கேலப் பேக்கன் முதல் ஆட்டத்திலேயே போனான். பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார, புதுப் பையன்களை வைத்துத்தான் ஓட்டினார்கள். நடுவழியை அடைத்து ஓட்டத்தை வெளியே தள்ளுவதே வேலை என்றால், வெளியே பிடிக்க ஆள் வேண்டாமா?

இனி இந்த வருஷம். முன்வரிசையில் டொமினிக் ஆரஞ்ச் திரும்ப வருகிறான். அவனுக்கு இங்கே செல்லப்பெயரே பிக் சிட்ரஸ். சென்டர் ஒருவனால் அவனைத் தனியாகச் சமாளிக்க முடியாது, கார்ட் ஒருவன் உதவிக்கு வந்தே ஆக வேண்டும். அவன் இருவரை இழுத்துக்கொண்டால் பின்னால் ஒரு லைன்பேக்கருக்குக் கை விடுதலை. போட்டியில் அவன் பெயர் அதிகம் கேட்காது, கேட்காவிட்டால் நல்லது என்று வைத்துக்கொள். எண்ட் இடத்துக்கு யேல் பல்கலைக்கழகத்திலிருந்து டமடோவா மெக்டொனா வந்திருக்கிறான். அவன்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, ஆனால் யேல் ஆடும் ஐவி லீகில் இடித்ததும் இங்கே இடிப்பதும் ஒன்றா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

லைன்பேக்கர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பேக்கன் குணமாகிவிட்டான். வடக்கே லேக் மில்ஸ் என்ற சின்ன ஊர்ப் பையன். கூப்பர் எபெலும் இருக்கிறான். போன வருஷம் அடிபட்டு உதைபட்டுக் கற்றுக்கொண்ட புதுப் பையன்கள் இப்போது இரண்டாம் வரிசையில் நிற்பதே ஒரு சேமிப்பு. கார்னர்கள் இன்னும் பலம். ஜான்டஸ் வில்லியம்ஸ் போன வருஷம் பிக் 12-இன் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் முதல் அணியில் இடம்பிடித்தவன். மறு ஓரத்தில் ஜெரமையா கூப்பர். 2023-இல் சேஃப்டியாக ஆடி அதே கௌரவத்தைப் பெற்றவனை இப்போது ஓரத்துக்கு நகர்த்தியிருக்கிறார்கள்.

எனக்கு இடிப்பது சேஃப்டி இடத்தில்தான். ஃப்ரைலர் போய்விட்டான், வெர்டன் போய்விட்டான், கூப்பரைக் கார்னருக்கு எடுத்துவிட்டார்கள். அப்புறம் பின்னால் நிற்கப் போவது யார்? மார்கஸ் நீல் என்ற பையனைப் பற்றிப் பயிற்சி பார்த்தவர்கள் எல்லாம் நல்லபடியாகச் சொல்கிறார்கள். உடம்பு இருக்கிறது, பாய்ச்சல் இருக்கிறது. ஆனால் அந்த அரை நொடி நிற்கிறானா என்பது பயிற்சியில் தெரியாது. கிரெக் ஐஸ்வொர்த் ஞாபகம் இருக்கும் உனக்கு. 2018 தொடங்கி மூன்று வருஷம் தொடர்ந்து முதல் அணியில் இடம்பெற்றவன். அவன் வேகத்தில் பெரிய புலி இல்லை, எதிரணி என்ன செய்யப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பான். அப்படி ஒருவன் உருவாக மூன்று வருஷமாவது அதே இடத்தில் நிற்க வேண்டும்.

இப்போது யார் நிற்கிறார்கள் சொல்லு? ஒரு நல்ல பருவம் ஆடினால் போதும், வீரர்கள் பல்கலைக்கழகம் மாற உதவும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாகப் பெரிய பல்கலைக்கழகம் வந்து தூக்கிக்கொண்டு போகும். இந்த ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றாகிவிட்டது, வருஷத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் வரம்பு. அணிக்கு 105 பேர்தான் என்றும் கட்டிவிட்டார்கள். கெம்ப்ட் மாதிரி ஓரமாக உட்கார்ந்து காத்திருந்த பையன்களுக்கு இனி எங்கே இடம்? பையன்களுக்குக் காசு கிடைப்பதில் எனக்குச் சந்தோஷம்தான், அது அவர்கள் உடம்பு. ஆனால் ஹீகாக்கின் முறை மெதுவாகக் கற்றுக்கொள்பவர்களை நம்பி நிற்பது. இன்னும் நாலைந்து வருஷத்தில் இதே அணி, எல்லோரையும் போல நாலு பேரை முன்னால் நிறுத்தி, போர்ட்டலில் வாங்கிய ஆட்களை வைத்து ஆடினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை முதல் ஆட்டம், டப்ளினில், அவீவா ஸ்டேடியத்தில். எதிரி கேன்சஸ் ஸ்டேட். ஏபி தரவரிசைப் பட்டியலில் அவர்கள் 17, நாம் 22. ஃபார்ம், ஆர்மகெடான் இரண்டையும் சேர்த்து ஃபார்மகெடான் என்று பெயர் வைத்த சண்டையை அயர்லாந்துக்குக் கப்பல் ஏற்றியிருக்கிறார்கள், வயலுக்குப் பதில் கடல். வேடிக்கை என்னவென்றால் 2021-இல் கேன்சஸ் ஸ்டேட்டும் இதே 3-3-5-க்கு மாறியது. ஆக இரண்டு பக்கமும் ஒரே மூக்கு, ஒரே முழி. நமக்குச் சோதனை அவர்கள் குவார்ட்டர்பேக் ஏவரி ஜான்சன். குவார்ட்டர்பேக்கே ஓடினால் அவர்களுக்குத் தடுக்க ஒரு ஆள் கூடுதலாகக் கிடைப்பான். அந்தக் கூடுதல் ஆளை ஈடுகட்ட நடு சேஃப்டி இறங்க வேண்டும், இறங்கினால் பின்னால் வெறும் இடம். ஜான்சன் ஓடுவதுபோல் காட்டிவிட்டு எறிவான், பார்த்துக்கொண்டே இரு. போன நவம்பரில் இங்கே 29-21 என்று ஜெயித்தோம், அப்போது அந்த இடத்தில் பழகிய ஆட்கள் இருந்தார்கள். ஜெயிப்போமா என்று கேட்டால், ஜெயிப்போம் என்றுதான் சொல்வேன், மூன்று புள்ளியில். சேஃப்டி ஒருவன் ஏமாந்து ஒரு டச்டவுன் போகும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறேன்.

உனக்கு நல்ல காலம். வழக்கமாக நடுராத்திரி தாண்டி அலாரம் வைத்து எழுந்திருப்பாய். டப்ளினில் மாலை ஐந்து மணிக்கு ஆட்டம், கோயம்புத்தூரில் ராத்திரி ஒன்பதரை. அப்பா தூங்கிய பிறகு பாரு, சத்தம் போட்டு அவரை எழுப்பிவிடாதே. எங்களுக்குக் காலை பதினோரு மணி, இட்லியோடு உட்காரலாம். முதல் பாதி முடிந்ததும் கூப்பிடு, நீ எத்தனை தலை எண்ணினாய் என்று சொல்.

செப்டம்பர் 6 அயோவா பல்கலைக்கழகத்தோடு நடக்கும் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன், வீட்டில் இன்னும் விலையைச் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் அதைப் பற்றி ஒன்றும் போட்டுவிடாதே. உன் மச்சான் அக்டோபரில் சிகாகோ வருகிறார் என்றாயே, அவரிடம் அம்மாவின் பருப்புப் பொடி ஒரு அரை கிலோ கொடுத்துவிட முடியுமா? நான் காரில் போய் வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மணி