பச்சைக் குறியை நம்பிக் கணக்கைப் பறிகொடுத்தது தொடர்பான புகார்

அனுப்புநர்:
தங்கள் மூன்றாண்டுச் சந்தா வாடிக்கையாளர்,
சிவகாசி.
27.10.2025

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை அலுவலகம்.

பொருள்: சந்தாப் பணம் கட்டிய பிறகும் ஒரு மாதம் உங்கள் வைரஸ் தடுப்பு மென்பொருளுக்குப் புதுப்பிப்பு வராமல், என் மின்னஞ்சல் கணக்கு திருடு போனது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன் உங்கள் உதவி எண்ணில் பதினொரு முறை பேசிவிட்டேன். நான்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கணினியைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கும் ஒரு நடை போய் வந்தேன். மூன்று புகார் எண்கள் கொடுத்தீர்கள். மூன்றையும் "தீர்வு காணப்பட்டது" என்ற குறுஞ்செய்தியோடு நீங்களே மூடிவிட்டீர்கள். எது தீர்ந்தது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் தாளில் எழுதி விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். இதையாவது ஒருவர் முழுதாகப் படிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நான் வீட்டில் இருந்தபடியே அச்சகங்களுக்குத் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து கொடுப்பவள். இருபது வருடமாக இதுதான் என் பிழைப்பு. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியானதும் எங்கள் ஊரில் வேலை சூடு பிடிக்கும். நாள், திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் என்று ஒவ்வொரு தினசரித் தாளையும் கோத்து, மூன்று முறை பிழை திருத்தி அனுப்ப வேண்டும். ஒரு நாளின் திதி தவறினால் அந்த வருடம் முழுவதும் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட வேலை நடக்கும் கணினி என்பதால்தான், இலவசமாகக் கிடைப்பதை நம்பாமல், காசு கொடுத்து உங்கள் மென்பொருளை வாங்கினேன்.

பழைய சந்தா ஆகஸ்ட் 9ஆம் தேதி முடிவதாக இருந்தது. மூன்று நாள் முன்னதாகவே, 6ஆம் தேதி, உங்கள் திரையிலேயே வந்த பொத்தானை அழுத்தி 2,349 ரூபாய் கட்டினேன். பணம் பெற்றதற்கான ரசீது வந்தது. உங்கள் இணையக் கணக்கில் 2028 வரை செல்லுபடி என்று காட்டியது. வலது மூலையில் இருக்கும் உங்கள் கேடயச் சின்னமும் பச்சையாகவே இருந்தது. இதற்கு மேல் நான் எதைச் சரிபார்த்திருக்க வேண்டும்?

செப்டம்பர் 8ஆம் தேதி, திங்கட்கிழமை, ஒரு அச்சகத்தின் பெயரில் "திருத்தப் படி" என்று மின்னஞ்சல் வந்தது. கடவுச்சொல் போட்டுத் திறக்கும் ஜிப் கோப்பு. உள்ளே இருந்ததற்கு பிடிஎஃப் சின்னம், பெயரிலும் பிடிஎஃப். கோப்பின் உண்மையான வகையைக் காட்டும் பெயரின் கடைசி எழுத்துகளை விண்டோஸ் மறைத்து வைக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. திறந்தேன், ஒன்றும் வரவில்லை. கோப்பு கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். பூட்டிய ஜிப்புக்குள் இருப்பதை மின்னஞ்சல் நிறுவனத்தால் பார்க்க முடியாது, சரி. ஆனால் அது என் கணினியில் பிரிந்து விழுந்த நொடியில் பிடிக்க வேண்டியது யார்? அதற்குத்தானே உங்களுக்குப் பணம்?

மறுநாள் காலை ஆறு மணிக்கு என் பெரியப்பா மகன் போன் செய்தார். "என்னம்மா, ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போதுமா, இன்னும் அனுப்பவா?" என்று கேட்டார். என் மின்னஞ்சலில் இருந்து போன கடிதத்தை நம்பி இரவோடு இரவாக 15,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். அதே கடிதம் அச்சக முதலாளிகளுக்கும், என் மகளின் கல்லூரிப் பேராசிரியருக்கும் போயிருக்கிறது. என் கணக்குக்குள் என்னாலேயே நுழைய முடியவில்லை. கடவுச்சொல், மீட்பு எண் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள்.

அண்ணன் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்ததால் 6,000 ரூபாயை முடக்கி வைக்க முடிந்தது. அந்த எண்ணில் பேசிய பெண் காவலர் என்னிடமும் பேசினார். என்ன நடந்தது, எந்தெந்தக் கடவுச்சொல்லை முதலில் மாற்ற வேண்டும், அதை ஏன் வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். நான் ஒரு பைசாவும் கொடுக்காதவர்களிடம் இருந்த பொறுமையில் கால்வாசியாவது நான் பணம் கட்டிய உங்களிடம் இருந்ததா?

செப்டம்பர் 11ஆம் தேதி பிற்பகலில் பேசிய உங்கள் ஊழியரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே எழுத முடியாது. நான் சொல்லி முடிப்பதற்குள், "ஓடிபியை யாருக்காவது சொல்லியிருப்பீர்கள் மேடம்" என்றார். ஓடிபியே வரவில்லை என்றேன். "வராமல் எப்படி உள்ளே போவார்கள்?" என்று சிரித்தார். பிறகு, "உங்களுக்குப் புரியாது, வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் போனைக் கொடுங்கள்" என்றார். என் கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அந்தக் கணினியை வாங்கியதும், அதற்கு நினைவகம் கூட்டியதும், தமிழ் 99 விசைப்பலகையில் இரவு பகலாகத் தட்டி என் மகளைப் படிக்க வைத்ததும் நான்தான். பேச வாய் வராமல் போனை வைத்துவிட்டேன். அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

ஓடிபி இல்லாமல் எப்படி உள்ளே போவார்கள் என்பதை அந்த ஊழியருக்கு நானே சொல்கிறேன். நாம் ஒருமுறை கணக்குக்குள் நுழைந்ததும் உலாவி குக்கி என்ற ஒரு சிறு அடையாளப் பதிவைச் சேமித்து வைக்கிறது. அடுத்தடுத்த முறை நம்மிடம் கடவுச்சொல் கேட்காததற்கு அதுதான் காரணம். நான் திறந்த கோப்பு, சேமித்த கடவுச்சொற்களோடு அந்தக் குக்கியையும் அள்ளிக்கொண்டு போகும் வகை. அதை வைத்திருப்பவன் ஏற்கெனவே உள்ளே இருப்பவனாகத்தான் கணக்கிடப்படுவான், அவனிடம் ஓடிபி கேட்க மாட்டார்கள். இது பாதுகாப்பு மென்பொருள் விற்கும் நிறுவனத்துக்குத் தெரியாதா? தெரிந்தும் பழியை என் மேல் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா?

மதுரைக்குப் போனதைச் சொல்ல விட்டுவிட்டேன். "கணினியோடு மதுரை சேவை மையத்துக்குப் போங்கள்" என்று சொன்னதும் உங்கள் உதவி எண்தான். செப்டம்பர் 18ஆம் தேதி, சிபியுவைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டார். டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் உட்கார்ந்த பிறகு, "இங்கே நிறுவன வாடிக்கையாளர்களை மட்டும்தான் பார்ப்போம், வீட்டுக் கணினிக்கு உதவி எண்ணில் பேசுங்கள்" என்றார்கள். உட்கார்ந்த மூன்று மணி நேரத்தில் அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லையா? குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு வெளியே கடையைக் காட்டினார்கள்.

கடைசியில் குறையைக் கண்டுபிடித்தவர் எங்கள் தெருவில் கணினி பழுது பார்க்கும் தம்பி. உங்கள் மென்பொருளைத் திறந்து, நான்காவது பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்: வைரஸ் பட்டியல் கடைசியாகப் புதுப்பித்த நாள் 9 ஆகஸ்ட். புதிய சந்தா எண் உங்கள் இணையக் கணக்கில் ஏறியிருக்கிறது, என் கணினியில் ஏறவில்லை. பழைய எண்ணோடு புதுப்பிப்பு கேட்டபோதெல்லாம் உங்கள் சர்வர் மறுத்திருக்கிறது. முப்பது நாள் மறுத்திருக்கிறது. அந்த முப்பது நாளும் கேடயம் பச்சையாகவே இருந்திருக்கிறது! இன்னொன்றும் சொன்னார். உங்கள் மென்பொருள் உள்ளே வந்ததும் விண்டோஸோடு வரும் டிஃபென்டர் என்ற பாதுகாப்பு மென்பொருள் தானாக ஒதுங்கிக்கொள்ளுமாம். நான் உங்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காமல் இருந்திருந்தால், அதுவாவது விழித்திருக்கும். இதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

கணக்கு திரும்பக் கிடைக்கப் பத்தொன்பது நாள் ஆனது. அதனோடு இணைந்த இணையச் சேமிப்பில் இருந்த தாள்களில் நான்கு மாதத்துக்கானவை அழிந்திருந்தன. தீபாவளி அன்றும் உட்கார்ந்து மறுபடி தட்டினேன். ஒரு அச்சகம் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டது. இருபது வருடம் சேர்த்த பெயர் ஒரே இரவில் மண்ணாகிவிட்டது. என் வாழ்க்கையையே நீங்கள் நாசம் செய்துவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன்.

நான் கேட்பது இவைதான். அண்ணனுக்குத் திரும்பாத 9,000 ரூபாய், நான் இழந்த வேலை, மதுரைப் பயணம், மன உளைச்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு. புதுப்பிப்பு நின்ற பிறகும் ஏன் பச்சை காட்டியது என்று எழுத்தில் விளக்கம். 11ஆம் தேதி உரையாடலின் ஒலிப்பதிவு. தரத்துக்காக அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று நீங்கள்தானே ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்கள்? அதைக் கேட்டுப் பார்த்துவிட்டு அந்த ஊழியர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்தைவிட இது எனக்கு முக்கியம்.

நீங்கள் நல்ல முறையில் பேசித் தீர்த்தால் நானும் அதோடு விட்டுவிடத் தயார். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கி மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போவேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், வாங்கியதற்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. சென்னையிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள்தான் வர வேண்டியிருக்கும்.

இன்னொரு வேண்டுகோள், இதை உடனே செய்யுங்கள். என்னைப் போல ஆகஸ்டில் சந்தா புதுப்பித்த மற்றவர்களின் கணினிகளில் புதிய எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் சர்வர் யாரையெல்லாம் மறுத்தது என்ற கணக்கு உங்களிடம்தான் இருக்கும். அவர்களும் பச்சையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

ரசீது, மூன்று குறுஞ்செய்திகள், 9 ஆகஸ்ட் தேதி தெரியும் கணினித் திரையின் படம், மதுரை டோக்கன், பஸ் டிக்கெட் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். பேச விரும்பினால் மாலை நான்கு மணிக்கு மேல் அழையுங்கள். மன்னிப்புக் கேட்பதற்கு அல்லாமல் வேறு எதற்கும் அந்த ஊழியர் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சிவகாசி.