எங்கள் ஆர்1 வண்டியைக் களத்தில் இறக்கிய கைகளுக்கு நன்றி

அண்ணன்மார், அக்காமார், தம்பிமார் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை பந்தயக் களத்தில் நம் யமஹா ஆர்1 பைக் காலையிலிருந்து மாலைவரை ஓடியது. ஒரு சொட்டு எண்ணெய் சிந்தாமல் பிட்டுக்கு, அதாவது களத்தோரம் அணிகள் வண்டியைப் பராமரிக்கும் இடத்துக்குத் திரும்பியது. பார்த்தவர்கள் எல்லாரும் வண்டி ஓட்டியவரையும் எங்கள் அணியையும் பாராட்டினார்கள். வண்டியை மூடியிருக்கும் வெளிக்கூடான ஃபேரிங்கில் எங்கள் ஸ்டிக்கர் மட்டும்தானே இருக்கிறது! அந்தப் பாராட்டு யார் யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் சொல்லிவிட்டதால், தொழிலையும் ஊரையும் சொல்லியே கூப்பிடுகிறேன்.

வண்டி 2009 மாடல். யமஹா முதன்முதலாக ஆர்1-இல் கிராஸ்பிளேன் கிராங்க் (பிஸ்டன்களைத் தாங்கும் முழங்கைகள் 90 டிகிரி இடைவெளியில் அமைந்த என்ஜின் தண்டு) போட்டது அந்த மாடலில்தான். அதே ஆண்டு அமெரிக்க ரைடர் பென் ஸ்பைஸ் அந்த மாடலில்தான் உலக சூப்பர்பைக் பட்டத்தை வென்றார். 998 சிசி, கம்பெனிக் கணக்கில் 182 குதிரைத்திறன், எண்ணெயும் பெட்ரோலும் சேர்த்து 206 கிலோ. ஆனால் எங்கள் கைக்கு வந்தபோது அது ஃபேரிங் நொறுங்கி, யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டகையில் தூசி படிந்து கிடந்த வண்டி. கம்பெனி அணி என்றால் பந்தயத்துக்கான பாகங்கள் பெட்டியில் வந்து இறங்கும். எங்களுக்கு அது இல்லை. ரேஸ் வண்டிக்கு வேண்டியதில் பெரும்பகுதி இங்கேயே, உங்கள் பட்டறைகளில், உங்கள் கையால் உருவானது.

அம்பத்தூர் லேத் அண்ணனுக்கு முதல் வணக்கம். 530 அளவு செயினைக் கழற்றிவிட்டு எடை குறைந்த 520 அளவு செயின் போட முடிவு செய்தபோது, பின் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரத்தை) அலுமினியத்தில் வெட்டிக் கொடுத்தது நீங்கள். இருங்காட்டுக்கோட்டை 3.7 கிலோமீட்டர்தான், வளைவுகள் நெருக்கம். ரோட்டு வண்டியின் பல் கணக்கு அங்கே உதவாது. பல்லைக் கூட்டிக் கூட்டி நாங்கள் மாற்றிக் கேட்டபோதெல்லாம் முகம் சுளிக்காமல் புதிதாக வெட்டினீர்கள்.

அதைவிடப் பெரிய வேலை போல்ட்டுகளில் போட்ட ஓட்டைகள். எண்ணெய் வடிக்கும் போல்ட், ஃபில்டர், பிரேக் காலிப்பர் போல்ட் எல்லாவற்றையும் கழலாமல் பிடிக்கும் லாக் ஒயர் என்கிற கம்பி போட்டுக் கட்ட வேண்டும். அதற்குக் கெட்டியான எஃகுத் தலையில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை போட வேண்டும். டிரில் பிட் உடைந்துகொண்டே இருந்தது. "இது எதுக்குப்பா இவ்ளோ பாடு?" என்று கேட்டீர்கள். அதிர்வில் அந்த போல்ட் கழன்றால் எண்ணெய் முதலில் நம் பின் டயரில் விழும், அடுத்து பின்னால் வருகிறவன் பாதையில் விழும் என்று சொன்னோம். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொள்ளத் தனியாக ஒரு ஜிக் (பிடிச்சட்டம்) செய்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டுக் கொடுத்தீர்கள். ஸ்ப்ராக்கெட்டுக்குக் கூலி வாங்கினீர்கள். "ஓட்டைக்குக் காசு வேணாம், அது உசுரு சமாச்சாரம்" என்று சொல்லிவிட்டீர்கள். அண்ணா, ஒவ்வொரு முறை வண்டி களத்துக்குள் போகும் முன்பும் அந்தக் கம்பிகளைத்தான் நாங்கள் முதலில் தொட்டுப் பார்க்கிறோம்.

ஆர்கன் வெல்டிங் தம்பிக்கு. அந்த மாடலில் சைலன்சர் இரண்டும் சீட்டுக்கு அடியில், உயரத்தில் இருக்கும். எடையும் மேலே, சூடும் மேலே. இரண்டையும் எடுத்துவிட்டு ஒற்றைக் குழாயாகக் கீழே இறக்க நினைத்தோம். நீ பால் பண்ணைக் குழாய்களில் வேலை செய்கிறவன். குழாயின் உட்புறமும் வழவழப்பாக இருக்க வேண்டும் என்பது உனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியே பற்றவைக்கும்போதே உள்ளேயும் ஆர்கன் விட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கருகிப் பொரியாமல் காத்தாய். வெட்டிப் பார்த்த மாதிரித் துண்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது. இவ்வளவு சுத்தமான வெல்டிங்கை விலையுயர்ந்த வெளிநாட்டுக் குழாய்களிலும் நான் அதிகம் பார்த்ததில்லை.

காசிமேட்டில் ஃபைபர் படகு கட்டும் அண்ணனுக்கு. என்ஜின் உடைந்தால் எண்ணெயும் தண்ணீரும் தரையில் கொட்டாமல் பிடிக்க ரேஸ் வண்டிக்குக் கீழே தொட்டி மாதிரி ஒரு அடிப்பாகம் வேண்டும். தயங்கித் தயங்கித்தான் உங்களிடம் வந்தோம். "போட்டுல தண்ணி உள்ள வரக்கூடாது, இதுல வெளிய போவக்கூடாது. அவ்ளோதானே?" என்று அச்சு எடுக்க ஆரம்பித்துவிட்டீர்கள். தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி முழுக்க வைத்துச் சோதித்துவிட்டுத்தான் கொடுத்தீர்கள்.

சோழவரம் காலத்து மெக்கானிக் ஐயாவுக்கு என்ன சொல்வது? மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. அவர்களின் இருங்காட்டுக்கோட்டைக் களம் வந்தது 1990-இல். அதற்கு முன் சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களில் ஸ்பேனர் பிடித்தவர் நீங்கள். என்ஜின் வால்வு இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளந்து பார்த்து, அதைச் சரிசெய்யும் சிறு தகடான ஷிம்மை மாற்றச் சொன்னீர்கள். ரேடியேட்டரில் இருந்த பச்சைக் கூலன்ட்டை முழுக்க வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றவும் சொன்னீர்கள். கூலன்ட் தரையில் சிந்தினால் வழுக்கும், எளிதில் காயாது. தண்ணீர் என்றால் சென்னை வெயிலில் உடனே உலர்ந்துவிடும். யார் விழுந்தாலும் அடுத்தவன் விழக்கூடாது என்கிற அந்த அக்கறையை உங்களிடமிருந்துதான் எங்கள் அணிப் பையன்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

என்ஜின் திறனை அளக்கும் டைனோ எந்திரம் வைத்திருக்கும் கோவை நண்பர்களுக்கும், சென்னை ஜி.பி. ரோட்டில் தேடித் தேடி பேரிங் எடுத்துக் கொடுத்த கடைக்காரருக்கும், கேட்டதும் போல்ட்டைச் சரியான அளவுக்கு முறுக்கும் டார்க் ரெஞ்ச்சை இரவல் கொடுத்தவருக்கும் நன்றி.

அடுத்த பிட்டில் இருந்த அணிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஜெனரேட்டர் நின்றுபோனது. பட்டன் இல்லாத வழவழப்பான ஸ்லிக் டயரை 80 டிகிரிக்குச் சூடாக்காமல் வண்டியை வெளியே அனுப்ப முடியாது. நீங்கள் எங்களோடு போட்டி போடுகிறவர்கள். கேட்பதற்கு முன்பே உங்கள் ஒயரை இழுத்து டயரைச் சூடாக்கும் எங்கள் டயர் வார்மரில் செருகினீர்கள். அதை எங்கள் அணியில் ஒருவரும் மறக்க மாட்டோம்.

நாள் முழுக்க வெயிலில் கொடியோடு நின்ற மார்ஷல்களே, ஆம்புலன்ஸில் காத்திருந்த டாக்டரே, நர்ஸ் அக்காவே, உங்களுக்கு அன்று வேலை வைக்காமல் வீடு திரும்பியதில் எங்களுக்கு அத்தனை நிம்மதி. நீங்கள் இல்லாமல் ஒரு சுற்றுகூட ஓட முடியாது.

எங்கள் ரைடரின் அம்மாவுக்கு: அம்மா, பயத்தை வெளியே காட்டாமல் எல்லாருக்கும் புளிசாதம் கட்டிக்கொடுத்து அனுப்பினீர்கள். அவனைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம். இது எங்கள் வாக்கு.

டார்க் ரெஞ்ச்சை இந்த வாரமே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறோம். வரும் ஞாயிறு காலை வண்டி ஷெட்டில் ஃபேரிங் கழற்றித்தான் நிற்கும். நீங்கள் செய்தது எது, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். லேத் அண்ணா, நீங்கள் இதுவரை வண்டி ஓடும் சத்தத்தைக் கேட்டதில்லை. உங்களுக்காக அன்று ஸ்டார்ட் செய்கிறோம்.

அன்புடன்,
அணியின் சார்பில், உங்கள் தம்பி