உவர்மலை அக்காவுக்கு

அக்கா,

இவர் நோயில் கிடந்த நாட்களைப் பற்றி நான் எழுதின அந்த 11 பக்கமும் என் கதைப் புத்தகத்தில் வராது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதம் நீள நீள என் மனம் இளகிவிடும், எனக்கு என்னைத் தெரியும். அச்சகத்துக்குக் கொடுத்தாயிற்று. ஒன்பது கதைகள். கடைசியாக வைக்கச் சொல்லி நீங்கள் பென்சிலால் குறித்துத் தந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

நேரே வந்து சொல்லியிருக்கலாம். நிலாவெளியில் பஸ் ஏறினால் எவ்வளவு நேரம்? சந்தைக்கும் வங்கிக்கும் மகனுடைய அலுவல்களுக்கும் மூன்று வருஷமாக அதே பஸ்ஸில்தான் திருகோணமலை ரவுனுக்கு வந்து போகிறேன். உவர்மலைப் பக்கம் மட்டும் கால் திரும்பவில்லை. போனில் உங்கள் பெயர் விழுந்தால், அடித்து ஓயும்வரை அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி கழுவப் போயிருக்கிறேன். இப்போது நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன் என்றால், அன்றைக்கு நான் கத்தினதும் நாலு பேருக்கு முன்னால்தானே.

நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதால் சில இடங்களைத் தாண்டித்தான் போவேன். இவருடைய தமக்கைமாரும் வாசிப்பார்கள். (மச்சாள், வணக்கம். உங்களைப் பற்றி ஒன்றும் இல்லை.) நான் தாண்டுகிற இடங்கள் எவை என்று உங்களுக்கு விளங்கும். உங்களுக்கு விளங்கினால் போதும்.

வருகிற வியாழன் இவருடைய திவசம்.

இவர் நோயில் கிடந்த அந்த வருஷம் சொந்தக்காரர் வராமல் இல்லை. வந்தார்கள். வரும்போது ஓரஞ்சும் வாழைப்பழமும் இளநீரும் கொண்டு வந்தார்கள். சிறுநீரகம் பழுதான இவருக்கு மூன்றும் ஆகாது. பொட்டாசியம் ஏறிவிடும் என்று எத்தனை தரம் சொல்வது? வாங்கி வைத்துவிட்டு, அவர்கள் போன பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். கிளினிக்கில் தந்த சாப்பாட்டுத் துண்டை வாங்கி ஒரு சொல் விடாமல் வாசித்தது எழுதுகிற நம்முடைய ஆட்கள் மட்டும்தான். கிண்ணியா நானா அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு அவர் வீட்டிலிருந்து வந்த கறியில் உருளைக்கிழங்கு வெட்டி, ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, வேறு தண்ணீரில் அவிக்கப்பட்டிருந்தது. அவருடைய மனிசி போன் எடுத்து, "ருசி இருக்காது ராத்தா, குறை நினைக்காதீங்க" என்றா. இவர் ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டார்.

எழுதுகிறவர்கள் ஒருவரை ஒருவர் தாங்குவார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு முன்பு சிரிப்பு வரும். நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் கதையை ஒருவர் நல்லது என்று சொன்ன நாளே கிடையாது. தம்பியின் கவிதையை நீங்கள் "வசனத்தை மடித்து வைத்திருக்கிறாய்" என்று சொல்லி அவன் இரண்டு மாதம் வரவில்லை. அதே தம்பிதான் 2022 முழுக்க, கிழமைக்கு இரண்டு தரம், விடிய ஐந்தரைக்கு எங்கள் ஒழுங்கையில் ஓட்டோவைக் கொண்டு வந்து நிற்பாட்டினான். போக 15 கிலோமீற்றர், வர 15. இடையில் நாலு மணித்தியாலம் இவருடைய இரத்தம் மெஷினுக்குள் சுற்றிக்கொண்டு இருக்கும், அவன் வெளியே வேப்ப மர நிழலில் ஓட்டோவுக்குள் படுத்திருப்பான். பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்த பிறகு ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் என்றார்கள். அதில் பாதி எங்களுக்கே போனது. மிச்சப் பாதியில் அவன் என்னத்தை உழைத்தான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். வராமல் இருக்க முடியவில்லை.

கியூஆருக்கு முந்திய ஜூலை. பெற்றோல் செட்டுக்கு பவுசர் வரும் என்ற ஒரு கதையை நம்பி வரிசை கோட்டைப் பக்கம் வரை வளைந்து நின்றது. தம்பி முதல் நாள் இரவும் நின்றவன், அதனால் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஓட்டோவுக்கு நான் காவல். அந்தப் பக்கத்து மண்ணெண்ணெய் வரிசையில் நானா, நீலக் கானுக்கு மேலே குந்திக்கொண்டு. கரண்ட் இல்லை. கடல் இரைச்சல் மட்டும். நீங்கள் பிளாஸ்டிக் கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கையில் பிளாஸ்குடன், இருட்டுக்குள்ளால் நடந்து வந்தீர்கள். ஏதோ கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி.

படிப்பித்தவர் இல்லையா, வந்ததும் வராததுமாக வரிசையில் நின்ற பெடியன்களுக்குப் பாடம் தொடங்கியாயிற்று. வெள்ளைக்காரன் சீனக்குடாவில் எண்ணெய்க் குதம் கட்டின கதை, 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட வந்த கதை, ஒரு விமானம் குதம் ஒன்றின் மேலே விழுந்து அது நாட்கணக்கில் எரிந்த கதை. "மிச்சம் 99 இன்னும் நிக்குது" என்றீர்கள். ஒரு பெடியன், "99 குதம் இருக்கிற ஊரில நாங்கள் 5 லீற்றருக்கு நிக்கிறம், என்ன ரீச்சர்?" என்றான். பாடம் அத்தோடு முடிந்தது.

பிறகு நீங்கள் பையிலிருந்து அந்தச் சீ.ஆர். கொப்பியை எடுத்தீர்கள். கடைகளில் கொப்பி விலை கேட்டுப் பிள்ளைகளின் தகப்பன்மார் திரும்பிப் போன காலம். புதுக் கொப்பி.

"விடியும்வரை சும்மாதானே இருக்கப்போறாய். ஒரு பக்கம் எழுது."

"எழுதி என்னத்தைக் கிழிக்கப்போறன், அக்கா?"

"கிழிக்கிறதுக்கும் ஒரு பக்கம் வேணும்தானே."

எனக்கு வந்த கோபம்! பணிஸ் கொண்டு வந்திருக்கலாம், தோளில் கை வைத்திருக்கலாம், ஒன்றும் இல்லாவிட்டால் அழக்கூட விட்டிருக்கலாம். கொப்பியும் பேனையும். அந்தக் கோபத்தில்தான் எழுதினேன். போன் வெளிச்சத்தில், ஓட்டோவின் பின் சீற்றில், முழங்காலில் வைத்து. இவருக்கு நாளுக்கு எவ்வளவு தண்ணீர் என்று அளக்கிற அந்தச் சின்னக் கப்பைப் பற்றி. அதில் நான் போட்ட சிவப்புக் கோட்டைப் பற்றி. கோட்டுக்குக் கொஞ்சம் மேலே ஊற்றிவிட்டு, இவர் பார்க்கிறாரா என்று பார்த்துவிட்டு, திரும்பக் குறைக்கிற என் கையைப் பற்றி. எழுதி முடித்து, கிழித்து, சீற்றில் வைத்துவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டேன்.

கண் முழித்தது ஒரு சத்தத்துக்கு. கோட்டையிலிருந்து இரவில் ரவுனுக்குள் இறங்குகிற மான்களில் ஒன்று, புள்ளி மான், தலையை ஓட்டோவுக்குள் நீட்டி என் பக்கத்தைத் தின்றுகொண்டு இருந்தது. அவசரம் இல்லை. ஒரு வாய் மென்று, என்னைப் பார்த்து, அடுத்த வாய். நீங்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டு, "அடேய், விடடா, விடடா அதை!" என்று ஓடி வந்தீர்கள். பிளாஸ்க் விழுந்து உருண்டது. பின்னால் நின்ற ஒருவர் தூக்கக் கலக்கத்தில் எழும்பி, "டோக்கனையா தின்னுது?" என்றார். அவ்வளவுதான். மான் டோக்கனைத் தின்னுதாம் என்ற சொல் வரிசை நெடுக ஓடியது. ஆட்கள் எழும்பிச் சேர்ட் பொக்கற்றைத் தடவுகிறார்கள், சாரத்தின் மடிப்பை அவிழ்க்கிறார்கள், தூரத்தில் எங்கேயோ ஒருவர் மானுக்குக் கெட்ட வார்த்தையால் பேசுகிறார். நானா கானிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். மாசிக்குப் பிறகு முதல் தரம். நீங்கள் ஒற்றைச் செருப்போடு நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னொருக்கா எழுது, மறக்கிறதுக்கு முதல்" என்றீர்கள்.

அடுத்த நாள் இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "என்ன எழுதினனீ?" என்றார். உங்கட தண்ணியைப் பற்றி என்றேன். "அப்ப அந்த மான் இப்ப தாகத்தில திரியும்" என்றார்.

அப்படியாகத்தான் 11 பக்கம் சேர்ந்தது. கிழமைக்கு ஒன்றுகூட இல்லை. இரவில் எழும்பி இவருடைய இடது கையில், மெஷினுக்கு இரத்தம் எடுக்கப் பிஸ்டியுலா போட்ட இடத்தில், விரல் வைத்துப் பார்ப்பேன். உள்ளே வண்டு இரைகிற மாதிரி இரையும். இரைந்தால் சரி என்று திரும்பப் படுப்பேன். நீங்கள் கேட்டிராவிட்டால் அதை எழுதியிருக்க மாட்டேன். எழுதியிராவிட்டால் இன்றைக்கு என் விரலுக்கு அந்த இரைச்சல் நினைவிருக்குமோ தெரியாது. இதற்கு நான் உங்களுக்குக் கடன். இதை மறுத்தால் நாக்கு அழுகும்.

ஆனால் உங்களுக்கு வாசிக்கத் தந்தேன் அக்கா. உங்களுக்கு.

இவருடைய 31ஆம் நாள் முடிந்த அடுத்த கிழமை, மழை, உங்கள் விறாந்தை. "வா பிள்ளை, எல்லாரும் ஒருக்கால் சேர்ந்து இருப்பம்" என்று கூப்பிட்டீர்கள். தேத்தண்ணிக்கு என்று நினைத்து வந்தேன். நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கங்களின் போட்டோப் பிரதியை எடுத்து வாசிக்கத் தொடங்கினீர்கள். கேட்கவில்லை. "வாசிக்கட்டா?" என்ற ஒரு சொல், ஒரே ஒரு சொல், கேட்டிருந்தால்?

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதுதான் இந்த மூன்று வருஷமாக என்னை அரிக்கிறது. முதல் மூன்று பக்கமும் நான் தடுக்கவில்லையே. உங்கள் குரலில் அது நன்றாக இருந்தது. தங்கச்சி அழுதாள், நானா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார், நான் இருந்த இடத்தில் இருந்துகொண்டு, "பரவாயில்லை, நல்லாத்தான் எழுதியிருக்கிறன்" என்று நினைத்தேன். புருஷன் போய் 40 நாள் ஆகவில்லை. அந்த நினைப்பை நான் உங்களுக்கு மன்னிக்கவில்லை.

ஏழாம் பக்கத்துக்கு வந்தபோது கேற்றில் மகன் நின்றான். குடை கொண்டு வந்தவன். எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியாது. குடையை விரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான், தலையெல்லாம் ஈரம். ஏழாம் பக்கத்தில் தகப்பன் என்னிடம் என்ன கேட்டார் என்பதை அவன் உங்கள் வாயால் கேட்டான். ஓ.எல். எழுதின வருஷம், 16 வயது.

அதற்குப் பிறகு நான் உங்களைச் சொன்ன சொல், அன்றைக்கு அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இங்கே திரும்ப எழுத மாட்டேன். அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். செத்த வீட்டில் சாப்பிட வந்த ஆள் இல்லை நீங்கள். ஒற்றைச் செருப்போடு ஓடின ஆள்.

கத்தினதுக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அது வேறு.

ஏழாம் பக்கத்தைப் பற்றி இவ்வளவு மட்டும் சொல்லலாம். பெற்றோல் இல்லாமல் ஒரு வியாழன் போக முடியாது என்று ஆனது, உங்களுக்கு நினைவிருக்கும். மத்தியானம் தம்பி எங்கேயோ இரண்டு லீற்றர் பிரட்டிக்கொண்டு, "அண்ணை, கிடைச்சிட்டுது, வெளிக்கிடுங்கோ!" என்று ஓடி வந்தான். நாங்கள் எல்லாரும் தம்பியைப் பார்த்தோம். இவருடைய முகத்தைப் பார்த்தது நான் மட்டும். அதற்கு மேலே எழுத மாட்டேன். தம்பி, நீ வாசித்தால் இந்த இடத்தைத் தாண்டிப் போ. உன்னில் ஒரு பிழையும் இல்லை, ஒருநாளும் இல்லை.

இப்போது விளங்குகிறதா அக்கா, ஏன் அது புத்தகத்தில் வராது என்று? தம்பி அந்தப் புத்தகத்தைக் கடைக்குக் கடை கொண்டு திரிவான். மகன் அதைத் தன் சிநேகிதப் பெடியன்களுக்குக் கொடுப்பான். "எழுத்தில் ஒளிக்கக் கூடாது" என்பீர்கள். ஒளிக்கவில்லை, வைத்திருக்கிறேன். அலுமாரிக்கும் புதைகுழிக்கும் வித்தியாசம் இருக்கு.

நீங்கள் ஒருமுறையாவது வந்திருக்கலாம். போன் அடித்தீர்கள், சரி, எத்தனையோ தரம் அடித்தீர்கள். ஆனால் கதிரையைத் தலையில் வைத்து நடந்த ஆளுக்கு நிலாவெளி தூரமா? கண் ஒப்பரேஷன் செய்தீர்கள் என்று தங்கச்சி சொன்னாள். வலது கண்ணாம், ஒரு மாதம் வாசிக்க விடவில்லையாம். உங்களுக்கு யார் வாசித்துக் காட்டினது? நான் வந்திருக்க வேண்டும். பேப்பரையாவது வாசித்திருப்பேன். வரவில்லை. நீங்களும் வரவில்லை, நானும் வரவில்லை.

மகன் போன மாதம், "அம்மா, அந்த ரீச்சர் வாசிச்சது முழுக்க எங்க இருக்கு?" என்று கேட்டான். கொடுத்தேன். ஒரு இரவு வைத்திருந்துவிட்டுத் திரும்ப அலுமாரியில் வைத்தான். ஒன்றும் சொல்லவில்லை. விடிய எழும்பித் தேத்தண்ணி ஊற்றித் தந்தான், வழமையாக நான்தான் ஊற்றுவேன்.

வியாழன் மத்தியானம் படையல். பன்னிரண்டரைக்குள் வாருங்கள், மழை என்றால் தம்பி ஓட்டோ கொண்டு வருவான், நான் அவனிடம் சொல்லிவிட்டேன். வரும்போது அந்தப் போட்டோப் பிரதியைக் கொண்டு வாருங்கள், அது எனக்குத் திரும்ப வேண்டும். வர மனமில்லாவிட்டால் கவரில் போட்டு ஒட்டித் தங்கச்சியிடம் கொடுத்துவிடுங்கள். நானா தயிர் கொண்டு வருகிறார். கத்தரிக்காய் உங்களுக்குக் கடிக்கும் என்பது மறக்கவில்லை, சமைக்கமாட்டேன்.