தோட்டத்து முகப்பில் ஒரு தபால் பெட்டி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே ஐப்பசி மழை பரவாயில்லை. கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் நன்றாக எழும்பியிருக்கிறது, மாடுகளுக்கு இப்போதைக்குக் கவலையில்லை.

உடுமலைத் தோட்டத்தில் கட்டும் வீட்டுக்குத் தபால் பெட்டி வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் வை. கம்பம் நட்டு, ரோட்டோரமாகவே வை.

நம் பக்கம் தோட்டத்து வீடென்றால் தார் ரோட்டை விட்டு, வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில் வெகுதூரம் உள்ளே வர வேண்டும். வாசலில் நாய் வேறு. தபால்காரருக்கு அன்றைக்கு வர முடியவில்லையென்றால் முக்கு டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார். எங்கள் பெரியம்மா மகள் வீட்டுச் சீர்ப் பத்திரிகை அப்படித்தான் பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால் கிடந்து, நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் வெளுத்தபிறகு கைக்கு வந்தது. விசேஷம் முடிந்துவிட்டிருந்தது. அதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது? கடிதம் வந்து தங்குவதற்கு நாம் ஓர் இடம் கொடுக்கவே இல்லையே.

இடத்தை முடிவு செய்வதற்கு முன்னால் தபால் கொண்டுவருகிறவரைக் கேள். இதுதான் முக்கியம். எங்களுக்குக் கொண்டுவருவது ஒரு அம்மிணி, ஸ்கூட்டியில் வரும். கேட்டதற்கு, "ஏனுங்கண்ணா, வண்டிய விட்டு எறங்காம போடற ஒசரத்துல வெச்சீங்கன்னா போதுமுங்க" என்றது. அந்த ஒரு வார்த்தையில் பாதி வேலை முடிந்தது. ஸ்கூட்டியில் உட்கார்ந்து கை நீட்டினால் எட்டுகிற உயரம் நாலடிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. பெட்டியின் வாயை அங்கே வைத்தோம்.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான் என்று மகள் சொன்னாள். அங்கே தபால் வண்டிக்குள் இருந்தபடியே போட வேண்டும் என்பதால் ரோட்டு மட்டத்திலிருந்து 41 முதல் 45 அங்குல உயரம், ரோட்டின் விளிம்புக்கல்லிலிருந்து 6 முதல் 8 அங்குலம் தள்ளி என்று தபால் துறையே அளவு சொல்லியிருக்கிறது. கம்பத்தை 24 அங்குலத்துக்கு மேல் புதைக்கக் கூடாதாம். கார் வந்து மோதினால் கம்பம் சாய வேண்டும், ஆளுக்கு அடி படக் கூடாது என்பதற்காக. அது அவர்கள் ரோட்டுக்குச் சரி. நாம் வேலிக்கு உள்பக்கம், நம் எல்லைக்குள் நட்டுக்கொள்வதுதான் நல்லது. நாளைக்கு ரோட்டை அகலப்படுத்தினால் பிடுங்கி எறியாமல் இருக்கும். கிளுவை வேலியில் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டால் போதும், வாய் வெளியே தெரியும்.

மரக்கம்பம் வேண்டாம், கரையான் விடாது. கல்லுக்கால் உறுதிதான், ஆனால் துளை போடுவது பெரும்பாடு. இரண்டு அங்குல ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், ஐந்தரை அடி வாங்கு. இரண்டடி மண்ணுக்குள், மூன்றரை அடி வெளியே. அடிமுனையில் குறுக்கே ஒரு துண்டுக் கம்பியை வெல்டு வைக்கச் சொல், இல்லையென்றால் பெட்டியை இழுத்துத் திறக்கும்போதெல்லாம் கம்பம் சுற்றிக்கொள்ளும். மேல்முனையில் தகடு வைத்து அடைத்துவிட வேண்டும். திறந்து விட்டால் தண்ணீரும் இறங்கும், குளவியும் குடியேறும். குழியின் அடியில் ஒரு கை ஜல்லி போட்டு, பைப்பை நிறுத்தி, இரண்டு பக்கமும் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துவிட்டு கான்கிரீட்டை ஊற்று. மேலே சரிவாகப் பூசினால் கம்பத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்காது. ஈரச்சாக்கைச் சுற்றி வைத்து, நன்றாக இறுகின பிறகு பெட்டியை ஏற்று.

பெட்டியை வெல்டிங் பட்டறையில் தகட்டில் செய்தோம். வாய் பன்னிரண்டு அங்குல அகலம், வாரப் பத்திரிகை மடங்காமல் போகும். எடுக்கிற கதவு பின்பக்கம், பூட்டோடு. கூரைத் தகடு வாய்க்கு மேல் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடியில் சின்னத் துளை நாலு, உள்ளே கடிதம் தகட்டில் படாமல் இருக்க ஒரு பலகை. முதலில் துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு, அதன் மேல் பெயிண்ட். சிவப்பு மட்டும் அடிக்காதே, தபால் துறையின் பெட்டி என்று நினைத்து யாராவது தங்கள் கடிதத்தைப் போட்டுவிடுவார்கள். எங்களுடையது பச்சை.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உனக்குத் தெரியாததல்ல. ஆனியிலும் ஆடியிலும் மேற்கே பார்த்த மூடி ராத்திரியெல்லாம் அடித்துக்கொண்டே இருக்கும். ஐப்பசியில் மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். ஆகவே முடிந்தால் வாயைத் தெற்கே பார்த்து வை. ரோடு அமைந்த விதத்தில் எங்களுக்குக் கிழக்கேதான் வைக்க முடிந்தது. மூடியின் உள்விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கி ஒட்டினோம். இந்த மழையில் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

முகவரியில் தோட்டத்துப் பெயரைப் பெரிதாக எழுது. நமக்குக் கதவு எண்ணைவிட அதுதான் அடையாளம், பழைய உறவுக்காரர்கள் அதை மட்டும்தான் எழுதுவார்கள். பின்கோடும் வேண்டும். 2009-இல் திருப்பூர் மாவட்டம் வந்தபிறகும் எங்கள் காங்கேயத்துக்கு ஈரோட்டு வரிசையான 638 தான். உனக்குப் பொள்ளாச்சி வரிசை, 642.

கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் தபால் பெட்டிக்குள் விழாது. 2025-இல் ரிஜிஸ்டர் தபாலையும் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அதற்காகத் தபால்காரரிடம் உன் போன் நம்பரைக் கொடுத்து வை. அம்மிணி ரோட்டில் நின்று கூப்பிடும், நான் நடந்து போய் வாங்கிக்கொள்வேன். அம்மிணியை வீடு வரைக்கும் வரவழைக்க மனசு கேட்பதில்லை. மழையிலும் வெயிலிலும் இத்தனை தோட்டத்துக்குச் சுற்றி வருகிறது, நாம் நாலு எட்டு எடுத்து வைத்தால் என்ன?

அப்புறம், உன் தோட்டத்துப் பெயரை எந்த எழுத்தில், எப்படிப் போட வேண்டும் என்று எழுதியனுப்பு. பட்டறையில் உனக்கும் ஒரு பெட்டிக்குச் சொல்லி வைக்கிறேன். பொங்கல் நோம்பிக்கு வரும்போது காரிலேயே எடுத்துக்கொண்டு போகலாம். என்ன கலர் என்பதைத் தங்கச்சியே சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான்