ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருப்பவர்களுக்காக

தமிழ்நாடு மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் கேட்காமலே இலவச வக்கீல் உண்டு. உங்கள் வக்கீல்கள் மனுப் போடுகிறார்கள், ஜாமீனும் வாங்கித் தருகிறார்கள். சரி, அதற்கப்புறம்?

உத்தரவில் வழக்கமாக இரண்டு ஜாமீன்தாரர்கள் என்று இருக்கும். சில சமயம் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்றும் இருக்கும். பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் என்றால் கையில் கட்டும் பணம் என்றே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. அந்தத் தொகைக்குப் பொறுப்பேற்று, ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதோடு கோர்ட்டில் வந்து நிற்க ஆள் வேண்டும். பிகாரிலிருந்து வந்து திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பையனுக்கு இங்கே ரத்த உறவு யார்? அறையில் கூடத் தங்கியிருப்பவர்களிடமும் வரி ரசீது கிடையாது. நடைபாதையில் படுக்கும் நம்மூர்க்காரருக்கும், குடும்பம் கைகழுவிய பெண்ணுக்கும் இதே கதிதான். காசு வாங்கிக்கொண்டு ஜாமீனுக்கு ஆள் பிடித்துத் தரும் தொழில் இதனால்தான் பிழைக்கிறது.

1978இல் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் மோத்தி ராமுக்கு இதுதான் நடந்தது. ஜாமீன் நிற்க வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். தமிழனோ மலையாளியோ தொலைதூரத்து பஸ்தாரில் கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று அந்த வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் கேட்டார். ஜாமீன்தாரர் இல்லாமலே, ஆயிரம் ரூபாய் சொந்த ஜாமீனில் மோத்தி ராமை விடச் சொன்னது உச்ச நீதிமன்றம். நமக்காக அன்று கேட்ட கேள்வியை, நம் ஊருக்குப் பிழைக்க வந்தவருக்காக நம் கோர்ட்டுகளில் கேட்க இன்று ஆளில்லை.

வழி இல்லாமல் இல்லை. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். அதே ஆண்டில் ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசின் திட்டமும் வந்தது. விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை உதவி என்று அப்போது அறிவித்தார்கள். ஆனால் பணம் கொடுத்து ரத்த உறவை வாங்க முடியாதே.

ஆகவே, ஜாமீன் உத்தரவோடு வக்கீலின் வேலை முடிந்தது என்று கணக்கு மூடாதீர்கள். ஏழாம் நாள் சட்டத் தன்னார்வலர் ஒருவர் சிறைக்குப் போய், ஏன் வெளியே வரவில்லை என்று கைதியிடமே கேட்கட்டும். ஆள் கிடைக்கவில்லை என்றால், மாதம் முடியக் காத்திராமல் நிபந்தனையைத் தளர்த்தக் கோரி அதே வக்கீல் மனுப் போடட்டும். லோக் அதாலத்தில் எத்தனை வழக்குகள் முடிந்தன என்ற செய்தி தவறாமல் வருகிறது. ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதையும் சிறைவாரியாக மாதந்தோறும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்