எருமைப்பாலும் மூங்கில் குச்சியும்

அன்புள்ள கோபாலுக்கு,

நலம். உன் வீட்டில் அனைவரும் நலந்தானே? ஓய்வு பெற்றபின் தூரிகையைத் தொட்டாயா என்று கேட்டிருந்தாய். தூரிகையைத் தொடவில்லை, மூங்கில் குச்சியைத்தான் தொட்டேன். மகளைப் பார்க்கத் திருப்பதிக்கு வந்த நான், ஒரு மாதமாக ஸ்ரீகாளஹஸ்தியில் ஒரு பெரியவரிடம், துணியில் குச்சியால் சித்திரம் எழுதிச் சாயமேற்றும் கலம்காரி கற்று வருகிறேன்.

முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் என்ற மிதப்போடுதான் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் அவர் வரையவே விடவில்லை. காடாத் துணியைக் கடுக்காய்த்தூள் கலந்த எருமைப்பாலில் நனைத்துப் பிழிந்து வெயிலில் உலர்த்தச் சொன்னார். பாலின் கொழுப்புதான் மையைப் பரவவிடாமல் பிடித்து வைக்கிறதாம். நான் தனியே நனைத்த துண்டில் பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிவிட்டேன். அதில் நான் வரைந்த கண்ணப்பரின் மீசை கன்னம் முழுக்க ஊறிப் பரவிவிட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் வேறு துணியை எடுத்துக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது.

குச்சியின் முனையைக் கூராகச் சீவி, சற்று மேலே கம்பளித் துணியை உருண்டையாகச் சுற்றி நூலால் கட்டியிருக்கிறார்கள். மையில் தோய்த்து அந்த உருண்டையை விரலால் மெல்ல அழுத்தினால் மை முனைக்கு இறங்குகிறது. வெல்லத்தையும் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் தண்ணீரில் இட்டு மூன்று வாரம்போலப் புளிக்கவைத்த நீர்தான் அந்த மை. துணியில் ஏறியிருக்கும் கடுக்காயின் துவர்ப்பு பட்டதும் அது கறுத்துவிடுகிறது.

சிவப்புதான் என்னை வியக்க வைத்தது. சிவப்பு வேண்டிய இடங்களில் படிகார நீரைத்தான் தீட்டுகிறோம். தீட்டும்போது அங்கே சிவப்பின் சாயலே இராது. பிறகு துணியை மஞ்சிட்டி போன்ற சாயவேர்களோடு கொப்பரையில் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும்; மற்ற இடத்துச் சாயத்தை ஓடும் நீரில் அலசி நீக்கிவிடலாம். போட்ட வண்ணம் உடனே கண்ணில் தெரிய வேண்டும் என்றே வாழ்நாள் முழுதும் வரைந்தவன் நான். இங்கே பாதி வேலையைக் கொப்பரையிடமும் ஆற்றிடமும் விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது துணி கொதிக்கும் நேரத்துக்காகவே காலையில் பேருந்து ஏறுகிறேன்.

நலிந்து கிடந்த இத்தொழிலை மீட்க, கைவினைகளுக்காகப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் 1957-இல் இங்கே ஒரு பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. மசூலிப்பட்டினத்தில் மர அச்சால் பதிப்பதையும் கலம்காரி என்றுதான் சொல்கிறார்கள். அதுவும் கைவேலை, அதில் எனக்கு வழக்கில்லை. இயந்திரத்தில் அச்சடித்த பாலியஸ்டர் சேலைக்கும் அதே பெயரைச் சூட்டி விற்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். கும்பகோணத்திலிருந்து சிக்கல்நாயக்கன்பேட்டை உனக்கு எட்டுகிற தூரந்தான். கோயில்களில் தொங்கவிடும் உருளை வடிவத் தொம்பை, மேலே கட்டும் விதானம், வாசலில் கட்டும் வாசமாலை ஆகியவற்றைத் துணியில் தீட்டும் கருப்பூர்க் கலம்காரி மரபு அங்கே இருக்கிறது. 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவர்கள் எதைக் கொண்டு எழுதுகிறார்கள், துணியைப் பாலில் நனைக்கிறார்களா என்று நேரில் பார்த்து எழுது. என் கண்ணப்பரின் இரண்டாம் துணி நாளை கொப்பரைக்குப் போகிறது. பால்வாடை போகாததால் மகள் என் சட்டைகளைத் தனியே துவைக்கிறாள்.

அன்புடன்,
ராமநாதன்