தக்காளிக்குச் சரி, பனைக்குச் சரியல்ல

ஆசிரியருக்கு,

தக்காளிக்குச் சொல்லும் பக்குவத்தையே தொட்டியில் வளரும் அரிகா பாம் என்ற அழகுப் பனைக்கும் சொல்வது தவறு. தக்காளி நாற்றின் அடியிலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டில் பாதிவரை மண்ணில் புதைக்கலாம். புதைந்த தண்டிலேயே வேர் விடும். பனையை அப்படி நட்டால் வேருக்குக் காற்று எட்டாது, அடித்தண்டு அழுகும். பழைய தொட்டியில் மண் எந்த மட்டமோ, அதே மட்டம்தான்.

நுனி விஷயம் இன்னும் மோசம். தக்காளியில் கிள்ளினால் பக்கக் கிளை வரும். பனையில் தண்டுக்கு ஒரே குருத்து; அது போனால் அந்தத் தண்டு அவ்வளவுதான்.

அடியோலை மஞ்சளானதும் வெட்டுகிறார்களே, அதுவும் வேண்டாம். பொட்டாசியம் குறையும்போது முதிர்ந்த ஓலையிலிருந்து எடுத்துத்தான் பனை குருத்தை வளர்க்கிறது. வெட்டினால் அடுத்த ஓலை மஞ்சளாகும். முழுக்கக் காய்ந்தபின் நறுக்கலாம்.

– ஒரு வாசகர்